விவிலியமும் இறையேவுதற் கொள்கையும்

கிறித்து சமயத்தார் தம் திருநூலாகிய விவிலியத்தைத் தேவ ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டதென்று கொள்வர். எழுதியோர் மாந்தரேயாயினும் எழுதுவித்தோன் இறைவனாகலின் அந்நூல் வழுவற்றது என்பதும், ஏனைச் சமயத்தார் நூல்களெல்லாம் மாந்தர் தம் மதியாற் புனைந்தன என்பதும் அவருட் பலர் துணிபு. நம் பிள்ளைகள் இக்கூற்றைக் கேட்டு விடை கூறமாட்டாது மயங்குதலை அன்பர் பலரும் அறிவர். ஆதலின் இக்கொள்கை அளவைநூல் நெறியால் நிலைபெறுமோவென ஈண்டு ஆராயப் புகுந்தாம். ஏசுநாதரின் அருளொழுக்கத்தையும் அந்நூலில் விளங்கும் நல்லறங்களையும் இகழ்தல் எம் கருத்தன்று. அவற்றை மதித்தற்கு இக்கொள்கை வேண்டப்படுவதுமில்லை.

முதற்கண் அவர் காட்டும் மேற்கோளை நோக்குவாம். பவுலடிகள் பெயரால் வழங்கும், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாந் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனமே அவர்க்குத் தலையாய ஆதாரம். மறைநூல் தேவனால் உயிர்க்கப்பட்டது என்னும் பொருளில் 'தியோப்நியூஸ்டாஸ்' என்னும் கிரேக்கச் சொல் ஆண்டு வந்துள்ளது. இதன்மேல் எழும் தடை இரண்டு. ஒரு நூலின் பெருமைக்கு அந்நூலின் கூற்றையே சான்றாகக் காட்டுதல், தன்னைத் தானே பற்றுதல் என்னுங் குற்றமாம். வழக்காடுவான் ஒருவன் தனக்குத் தானே சாட்சியாய் நின்றாற் போல்வதென்க. அன்றியும், தீமோத்தேயு இளமைதொட்டு அறிந்த மறைநூல்கள் என்று அத்திருமுகம் அவ்வசனத்தின் முன்னரே சுட்டுவன யூதருடைய நூல்களாம். புதிய ஏற்பாடு என்னுந் தொகுதி அக்காலத்து உருப்பெறவில்லை. பின்னர்த் தொகுக்கப்பட்ட நூல்களுக்கெல்லாம் அவ்வொரு சொல்லை நீட்டிப் பொருள் கொண்டது பிற்காலத்தார் செயலேயாம்.

அற்றேல், எவ்வெந் நூல்கள் ஏவப்பட்டன என்பது எவ்வாறு துணியப்பட்டது? விவிலியத்துள் யாண்டும் அப்பட்டியல் இல்லை. இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டு நூல்கள் 27-ஐயும் கூட்டாது குறையாது எண்ணிய பழைய பட்டியலென அறிஞர் காட்டுவது, அலெக்சாந்திரியா நகரத்து மேற்றிராணியார் அத்தனாசியார் கி.பி. 367-இல் விடுத்த திருமுகமாம். அந்நூற்றாண்டினதே, சீனாய் மலையடியிலுள்ள கத்தரீனாள் மடத்தில் பேணப்பட்டிருந்த பெருஞ்சுவடி. அதனுள் இன்று மறையென எண்ணப்படாத 'பர்னபாவின் திருமுகம்', 'எர்மாவின் மேய்ப்பன்' என்னும் இரு நூல்களும் உடன் எழுதப்பட்டுள்ளன. மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட செருமானியப் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் என்னும் நான்கினையும் எண்ணிடாது இறுதியில் ஒதுக்கினார். யாக்கோபின் திருமுகத்தை வைக்கோலோடு ஒப்பிட்டுரைத்தார். 1546-இல் திரெந்து நகரத்துக் கூடிய உரோமைச் சபையார் தம் பட்டியலைத் தீர்ப்புரையால் வரையறுத்தனர். கத்தோலிக்கர்க்கு மறைநூல் 73. சீர்திருத்தச் சபையார்க்கு 66. எத்தியோப்பியத் திருச்சபையார் மரபில் 81.

இறைவன் உயிர்த்த நூல்கள் எத்துணை என்பதிலேயே சபைகள் ஒவ்வாவாயின், அவ்வுயிர்ப்பை அறிந்தோர் யார்? சபையே அறியும் எனின், சபை பிழைபடாது என்பதற்குப் பிரமாணம் யாதென வினவுவாம். அதற்கு அவர் விவிலிய வசனங்களையே எடுத்துக் காட்டுவர். நூலுக்குச் சபை சான்று. சபைக்கு நூல் சான்று. இஃது ஒன்றனையொன்று பற்றுதல் என்னுங் குற்றமாம். சபை வேண்டா, படிப்போன் உள்ளத்தே தேவ ஆவி சான்று பகரும் எனின், லூத்தர் உள்ளத்து யாக்கோபின் திருமுகத்துக்கு அச்சான்று கிட்டாமற் போயது என்னை?

இனிப் பாடத்தை நோக்குவாம். யோவானின் முதல் திருமுகம் 5-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்திற் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒன்றே என்று கூறும் பகுதியொன்று உண்டு. திரித்துவக் கொள்கைக்கு இதனினும் வெளிப்படையான வசனம் அந்நூலிற் பிறிதில்லை. பழைய கிரேக்கச் சுவடிகளில் அஃது இல்லை. ஆதலின் எராசுமசு என்னும் பேரறிஞர் 1516-ஆம், 1519-ஆம் ஆண்டுப் பதிப்புக்களில் அதனைச் சேர்த்திலர். கண்டனம் எழவே 1522-ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்தார். அது மெய்யென்பதனை ஐயுறுதல் தகாதென்று உரோமைத் திருப்பீடத்து அலுவலகம் 1897-இல் விதித்தது. 1927-இல் அவ்விதியைத் தளர்த்து, அறிஞர் ஆராய்ந்து மறுத்தற்கு இடந்தந்தது. தமிழிலும் சீர்திருத்தச் சபையார் ஓதும் பழைய மொழிபெயர்ப்பில் அவ்வசனம் உண்டு. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இல்லை. இரண்டனையும் அருகருகே விரித்து வைத்துக் காண்பார்க்கு எழும் வினா ஒன்றே: தேவன் இவ்வசனத்தை உயிர்த்தனரா, இலரா? விடையளிப்போர் சுவடி நோக்கும் புலவரேயாவர். மாற்குவின் நூலும் சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிகின்றது. பிற சுவடிகள் மேலும் 12 வசனங்கள் கூறும்.

எழுதினோர் தாமும் தம்மைப் பற்றி யாது கூறினர்? லூக்கா தம் நூன்முகத்தில், முன்னோர் கூறியவற்றை முதலிலிருந்து விசாரித்து முறைப்பட எழுதுவதாகக் கூறுகின்றார். இது வரலாறெழுதுவார் கூற்று. பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்திலே, தாம் இன்னாரின்னார்க்கே ஞானமுழுக்குத் தந்ததாகச் சொல்லி, பின்னர் ஸ்தேவான் வீட்டாரை நினைவுகூர்ந்து சேர்த்து, வேறெவர்க்கேனும் தந்தேனோ அறியேன் என்று முடிக்கின்றார். அதே திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தில், இஃது ஆண்டவர் கட்டளை, இஃது என் கருத்து எனப் பிரித்தோதுகின்றார். இவ்வடக்கம் போற்றத்தக்கதே. ஆயின் முற்றறிவுடைய இறைவன் ஒவ்வொரு சொல்லையும் ஓதுவித்தான் என்பார்க்கு, அவ்விறைவனிடத்தே மறதியேற்றல் வேண்டிவரும்.

இத்தடைகளையெல்லாம் கண்ட கிறித்து சமய அறிஞர் தம் கொள்கையை இரண்டு வகையால் திருத்திக் கொண்டனர். அவற்றுள் ஒன்று, வழுவின்மை மூல ஏட்டுக்கே உரியது. பெயர்த்தெழுதியோர் செய்த பிழை மூலத்தைச் சாராது என்பது. அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் அறிஞர் ஆட்ஜு, வார்பீல்டு என்னும் இருவரும் 1881-இல் இதனை விரித்தெழுதினர். 1978-இல் சிக்காகோ நகரத்துக் கூடியோர் விடுத்த அறிக்கையும் இதனையே வற்புறுத்திற்று. ஆனால், அம்மூல ஏடுகளுள் ஒன்றேனும் இன்றில்லை. எவரும் காணவியலாத ஏட்டின்கண் வழுவின்மையை வைத்தல், தொலைந்துபோன துலாக்கோலைக் காட்டிப் பொன்னிறுப்பேன் என்பதனோடொக்கும். அளவையென்பது பொருளை அளந்தறிதற்குக் கருவி. கையிலில்லாத கருவி யாதனை அளக்கும்? இன்றுள்ள படிகளே போதுமெனின், பிழையுள்ள படியும் வழிகாட்டும் என்று ஒப்பியவாறாயிற்று. வழுவின்மை வேண்டுமென்னும் வழக்கு ஆண்டே ஒழிந்தது.

மற்றொன்று, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தார் கூறியது. மீட்பின்பொருட்டு இறைவன் வேண்டிய உண்மையை அந்நூல்கள் பிழையின்றிக் கற்பிக்கும் எனவும், எழுதினோர் தம் ஆற்றலைக் கொண்டு மெய்யான ஆசிரியராகவே எழுதினர் எனவும் அவர் கூறினர். இது முன்னையதினும் சாலச் சிறந்ததென்பதை யாம் மறுத்திலேம். ஆயினும் இதுவே ஒருவகையில் நம் பக்கத்தை வலியுறுத்துகின்றது. எப்பகுதி மீட்புக்குரியது, எப்பகுதி எழுதினோர் காலத்து வழக்கு எனப் பகுத்துணர்தற்கு நூலின் வேறாய அறிவொன்று வேண்டும். மேலும், குறையுடைய மாந்தர் சொல்வழியே இறைவன் தன்னுண்மையை உணர்த்துவன் என்றால், அவ்வருளை யூதேயா நாட்டோடும் கிரேக்க மொழியோடும் நிறுத்தியது எக்காரணத்தால்? சம்பந்தர் திருவாக்கிலும் மாணிக்கவாசகர் திருவாக்கிலும் அவன் நின்றுரைத்திலன் என்று துணிதற்கு அவர்பால் உள்ள அளவை யாது?

அஃதொக்கும், வேதாகமங்கள் சிவபெருமானால் அருளப்பட்டன என்று நீவிரும் கூறுகின்றீரன்றோ, ஏடழிவும் பாடவேறுபாடும் உமக்கும் உளவன்றோ எனின், கூறுதும். நம் ஆகமங்களுட் சில குறையாகவே கிடைக்கின்றன. மூவர் திருப்பதிகங்களுட் பெரும்பகுதி தில்லையிற் செல்லரித்து ஒழிந்ததென்று நம் மரபே வெளிப்படக் கூறும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோபாலையரைக் கொண்டு 1984 முதல் வெளியிட்ட தேவாரப் பதிப்பு முதலியவற்றிற் பாடபேதங்களைக் கண்டு சைவருட் கற்றோர் எவரும் அஞ்சிற்றிலர். அஃது என்னையெனின், சைவசித்தாந்தம் நூலின் எழுத்தை அடிப்படையாக நாட்டி அதன்மேல் இறைவனை நிறுத்தவில்லை. சிவஞானபோதத்து முதற் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் கொண்டு கருதலளவையால் முதல்வன் உண்மையை நிறுவுகின்றது. உரையளவை அதன்பின் வருவது. நூலும் குருமொழியும் தன்னனுபவமும் ஒத்துவரக் காண்டலே துணிபெனப்படும். ஓர் ஏடு சிதைந்தால் ஓர் ஏடே குறையும். பதிபசுபாச உண்மை குறையாது.

இதனை நம்மவரும் உளங்கொளல் வேண்டும். வேதத்துள் வானவூர்தியும் மின்பொறியும் உளவென்று வாதிட்டு அதனால் அதன் தெய்வத்தன்மையை நாட்ட முயல்வார் இன்று நம்முள்ளும் உளர். பிறரிடத்துக் குற்றமெனக் கண்டதனை நம்மிடத்து அணியெனப் பூணுதல் அறிவுடைமையாகாது. வழுவற்ற எழுத்தென்னுங் கொள்கை எச்சமயத்தார் கையிலிருப்பினும் ஒருநாள் சுவடியின்முன் தலைகுனியும். அன்று அதனையே பற்றி நின்ற எளியோருடைய கடவுணம்பிக்கையும் உடன் சாயும். நாம் அஞ்சுவது இதுவே.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்த உழைத்தார்கள். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. அந்நூலை எழுத்தெழுத்தாக ஆய்ந்தறிந்த பின்னரே, 1854-இற் 'சைவதூஷண பரிகாரம்' இயற்றினார்கள். அறியாது இகழ்தல் சைவமன்று; அறிந்து மறுத்தலே முறை. ஆதலின் நம் பிள்ளைகள் விவிலியத்தைக் கற்க. அதன்கண் உள்ள அன்புரையை மதிக்க. எம் நூலே இறைவன் மூச்சு, உம் நூல் மாந்தர் பேச்சு என்பார் வரின், எந்தப் பட்டியல், எந்தப் பாடம், எவர் தீர்ப்பு என்னும் மூன்று வினாக்களை அமைதியாக வினவுக. விடை வருங்காறும் தம் நெறியில் தளராது நிற்க.

திருச்சிற்றம்பலம்.