மதுரைக்குப் போட்டால் டென்மார்க்

மதுரையின் எஸ்.டி.டி. எண் 0452. திருச்சிக்கு 0431. செல்போனில் பதியும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தின் இடத்தில் தவறிப்போய் ஒரு கூட்டல் குறி விழுந்துவிட்டால், மதுரை வீட்டில் ஒலிக்கவேண்டிய மணி டென்மார்க்கில் ஒலிக்கும். திருச்சிக்கான அழைப்பு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குப் போகும். டென்மார்க்கின் நாட்டுக் குறியெண் 45, அங்குள்ள தொலைபேசி எண்கள் எட்டு இலக்கம். மதுரையின் 452-உடன் அதைத் தொடரும் ஏழு இலக்கங்களையும் சேர்த்தால் பத்து வருகிறது. 45-க்குப் பிறகு எட்டு என்ற கணக்குக்கு அது அச்சாகப் பொருந்திவிடுகிறது. திருச்சியின் 431-ஐ 43, 1 என்று பிரித்தால் முன்னது ஆஸ்திரியா, பின்னது வியன்னா. திருப்பூரின் 421 ஸ்லோவாக்கியாவின் குறியெண். உதகையின் 423, ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டினுடையது. மலையிலிருந்து மலைக்கே போகிறது. கோவையின் 422 எந்த நாட்டுக்கும் கொடுக்கப்படாத எண், ஆகவே அந்த அழைப்பு எங்கும் போய்ச் சேராது.

இதெல்லாம் தற்செயல்தான். இந்தியாவின் உள்நாட்டுக் கணக்கில் தமிழ்நாட்டு ஊர்களின் எண்கள் 4-இல் தொடங்குகின்றன. உலகக் கணக்கில் 4 ஐரோப்பாவுக்கு உரியது. ஒரே இலக்கத்தை எந்தக் கணக்கில் படிக்கவேண்டும் என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதற்காகத்தான் முன்னால் ஒரு பூஜ்யமோ கூட்டல் குறியோ வருகிறது.

லேண்ட்லைனில் டயல் செய்யும் இலக்கங்களை எக்ஸ்சேஞ்ச் வந்த வரிசையிலேயே படிக்கிறது. மதுரையில் இருப்பவர் முதலில் 2-ஐ அழுத்தினால் அது உள்ளூர் அழைப்பு. பூஜ்யத்தை அழுத்தினால் ஊருக்கு வெளியே போகும் அழைப்பு. அடுத்ததும் பூஜ்யம் என்றால் நாட்டுக்கே வெளியே. அதன் பின்னால் வருவது நாட்டுக் குறியெண் என்று எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பூஜ்யங்களுக்கு முந்தைய காலத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, ஆபரேட்டர் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டும். இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. ஐ.எஸ்.டி. வர 1976 ஆயிற்று. அப்போது நேரடியாக இணைந்தவை பம்பாயும் லண்டனும்.

ஒற்றைப் பூஜ்யம் எண்ணின் பகுதி அல்ல. ஊரைவிட்டு வெளியே போகும் வாசல், அவ்வளவே. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு அந்த வாசலில் வேலை இல்லை. டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்தைக் கூப்பிடுபவர் 021 என்று போடுவதில்லை; இலங்கையின் 94-க்குப் பிறகு 21 மட்டுமே. பழைய விசிட்டிங் கார்டுகளில் 91-க்குப் பின்னால் அடைப்புக்குள் பூஜ்யம் போட்டு, சென்னையின் 44 என்று அச்சடித்திருப்பார்கள். எப்போது அழுத்தவேண்டும், எப்போது விடவேண்டும் என்பதைப் படிப்பவர் தலையில் கட்டும் வழக்கம் அது. இத்தாலி இந்த விதிக்கு விலக்கு. 1998 முதல் அங்கே லேண்ட்லைன் எண்ணின் பூஜ்யம் எண்ணோடு ஒட்டியே நிற்கிறது. ரோமைக் கூப்பிட 39-க்குப் பிறகு 06 என்று பூஜ்யத்தோடுதான் போடவேண்டும்.

நாட்டைவிட்டு வெளியேறும் வாசல் எல்லா இடத்திலும் இரண்டு பூஜ்யம் அல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 00-ஐப் பரிந்துரைக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. பிரிட்டன் 1995 வரை 010 என்றும், பிரான்ஸ் 1996 வரை 19 என்றும் வைத்திருந்து பிறகு மாறின. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஆஸ்திரேலியாவில் 0011, ஜப்பானில் 010. சிங்கப்பூரில் எந்த நிறுவனத்தின் வழியாகப் பேசுவது என்பதைப் பொறுத்து முன்னொட்டே மாறும். சென்னையில் 0091 என்று பதிந்த எண் நியூ ஜெர்சிக்குப் போனதும் வேலை செய்யாமல் போவது இதனால்தான். கூட்டல் குறி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ‘இந்த ஊரில் வெளிநாட்டு முன்னொட்டு எதுவோ அதை வைத்துக்கொள்’ என்பதே அதன் பொருள். செல்போனில் பூஜ்யத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் வந்துவிடும். எல்லா எண்களையும் கூட்டல் குறியோடு பதிவதே நல்லது, வெளியூர் போகாதவர்களுக்கும்கூட.

கூட்டலுக்குப் பின்னால் அதிகபட்சம் 15 இலக்கங்கள் வரலாம். அதில் முதல் ஒன்றோ இரண்டோ மூன்றோ நாட்டுக் குறியெண். எத்தனை இலக்கத்தில் அது முடிகிறது என்று எந்தப் புள்ளியும் கோடும் சொல்வதில்லை. ஆனாலும் குழப்பம் வராததற்குக் காரணம் ஒரு கறாரான ஏற்பாடு: ஒரு குறியெண் இன்னொரு குறியெண்ணின் தொடக்கமாக இருக்கக்கூடாது. இந்தியா 91 ஆகிவிட்டதால் 910 முதல் 919 வரை எந்த நாட்டுக்கும் கிடையாது. 96-ஐ யாருக்கும் தனியாகக் கொடுக்கவில்லை. அதனால் 960 மாலத்தீவு, 961 லெபனான், 966 சவூதி அரேபியா என்று பகிர முடிந்தது. இரண்டிலக்கக் குறியெண் ஒன்றைக் கொடுத்தால் பத்து மூன்றிலக்க எண்கள் போயின. ஓரிலக்கம் கொடுத்தால் நூறு.

அந்த ஓரிலக்கச் சலுகை பெற்றவை இரண்டே: வட அமெரிக்காவின் 1, சோவியத் ஒன்றியத்தின் 7. உலகத்தைப் பிரித்த திட்டம் 1964-இல் வெளியானது. ஆப்பிரிக்காவுக்கு 2, ஐரோப்பாவுக்கு 3, 4 என இரண்டு, தென் அமெரிக்காவுக்கு 5, தென்கிழக்கு ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் 6, கிழக்கு ஆசியாவுக்கு 8, துருக்கி முதல் பர்மா வரை 9. அந்த ஆண்டின் உலகம் இன்னும் எண்களுக்குள் உறைந்திருக்கிறது. ஆப்கானிஸ்தானுக்கு 93 என்ற இரண்டிலக்கம். பல மடங்கு மக்கள்தொகை உள்ள வங்கதேசம் 1971-இல் பிறந்ததால் அதற்கு 880. அதுவும் தன் மண்டலத்தில் இல்லை, 8-இல். உறைபனி சூழ்ந்த கிரீன்லாந்துக்கு ஆப்பிரிக்க மண்டலத்திலிருந்து 299 கிடைத்தது.

நாடுகள் உடைந்தபோதும் இணைந்தபோதும் எண்களும் கூடவே உடைந்தன. கிழக்கு ஜெர்மனியின் குறியெண் 37. 1990-இல் ஜெர்மனி ஒன்றாகி 49-ஐ மட்டும் வைத்துக்கொண்டதும் 37 காலியானது. அதைப் பத்தாகப் பிளந்து லிதுவேனியாவுக்கு 370, லாட்வியாவுக்கு 371, எஸ்தோனியாவுக்கு 372 என்று கொடுத்தார்கள். மறைந்த ஒரு நாட்டின் எண், சோவியத்திலிருந்து பிரிந்தவர்களுக்கு வீட்டுமனை ஆனது. அந்த வரிசையின் கடைசி மனை 379 வத்திக்கானுக்கு. அது குடிபோகவே இல்லை, ரோமின் 06-க்குள்ளேயே இருந்துகொண்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் 42 செக் நாட்டுக்கு 420, ஸ்லோவாக்கியாவுக்கு 421 என்று பிரிந்தது. 7-ஐ இன்று ரஷ்யாவும் கஜகஸ்தானும் பகிர்ந்துகொள்கின்றன.

1-ஐப் பகிர்பவர்கள் இன்னும் அதிகம். அமெரிக்காவும் கனடாவும் மட்டுமல்ல, ஜமைக்கா, டிரினிடாட் உள்ளிட்ட கரீபியத் தீவுகள் பலவும் அதற்குள் அடக்கம். நியூயார்க்கில் இருப்பவருக்கு 876-இல் தொடங்கும் எண் உள்நாட்டு ஊர் எண் போலத் தெரியும். திருப்பிக் கூப்பிட்டால் ஜமைக்காவுக்கான கட்டணம் விழும். ஒரு மணி அடித்துவிட்டுத் துண்டிக்கும் மோசடிக்காரர்களுக்கு இது பழகிய குறுக்குவழி.

நிலம் இல்லாத குறியெண்களும் உண்டு. 800 சர்வதேச இலவச அழைப்புக்கு, 881 செயற்கைக்கோள் போன்களுக்கு. கப்பல்களோடு பேசுவதற்கான இன்மார்சாட் சேவையில் ஒரு காலத்தில் கடலுக்குக் கடல் தனி எண் இருந்தது: பசிபிக்குக்கு 872, இந்தியப் பெருங்கடலுக்கு 873, அட்லாண்டிக்கின் கிழக்குக்கு 871, மேற்குக்கு 874. மாலுமியாக இருக்கும் மகனைக் கூப்பிட, அன்றைக்குக் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். 2008-இன் முடிவோடு அவை கைவிடப்பட்டன. இப்போது எல்லாக் கடலுக்கும் 870.