ஒரு சொட்டு எண்ணெயும் வணிகர் பொறுப்பும்

நூல், ஊசியோடு மெஷின் எண்ணெயும் விற்கும் வணிக அன்பர்களுக்கு, தேவாரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் அடியேனின் விண்ணப்பம் இது.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் போட்டால், பாபினைச் சுற்றி ஓடும் ஹூக் 1,600 முறை சுழல்கிறது. தினமும் அதிலுள்ள பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மிகுந்தால் பட்டு ரவிக்கை கறைபடும். ஆகவே முதலில் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அந்த எண்ணெய், நிறமற்ற தையல் மெஷின் எண்ணெயாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். சில கடைகளில் பெயரில்லாத எண்ணெயைப் பழைய பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். ஆனால் ஹூக் தேய்ந்தால் நூல் அறும், தையல் விட்டுப்போகும், முகூர்த்த மாத ஆர்டர் நிற்கும். கடன் வாங்கி மெஷின் போட்டவருக்குத் தவணை மட்டும் நிற்காது. அவர் தொழிலை மூடினால், நம்மிடம் நூல் வாங்க யார் வருவார்?

எனவே சீல் உடையாத நல்ல எண்ணெயையே விற்போம். உபயோகிக்கும் முறையையும் வாய் திறந்து சொல்வோம். வாங்கியவர் வாழ்ந்தால்தான் விற்றவரும் வாழ முடியும்.