பூட்டிய பூங்கா யாருக்கு?

கோடை வந்துவிட்டால் ஆகுர்டி, நிக்டி, சிஞ்ச்வாட் பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. பத்துக்குப் பத்து அறை. அதில் நாலு பேர். தலைக்கு மேல் தகரக் கூரை. காலாற நடக்கவும் பிள்ளைகளை ஓடி விளையாட விடவும் அவர்களுக்கு இருப்பது மாநகராட்சிப் பூங்கா ஒன்றுதான். பங்களாவாசிக்குத் தோட்டம் உண்டு. தொழிலாளிக்கு ஏது?

பணமுடை என்றால் எந்த மாநகராட்சியிலும் கத்தரி முதலில் விழுவது பூங்காவின் மீதுதான். பிம்ப்ரி-சிஞ்ச்வாடில் இந்தக் கவலை புதிது. 1970-ல் ஆகுர்டி, பிம்ப்ரி, சிஞ்ச்வாட், போசரி ஆகிய கிராமங்கள் சேர்ந்து நகரசபை ஆயின. 1982-ல் அது மாநகராட்சி ஆயிற்று. ஆலைகளுக்கு வரும் சரக்கின் மீது விதித்த ஆக்ட்ராய் வரியால் கஜானா நிரம்பி வழிந்தது. ஆசியாவிலேயே பணக்கார மாநகராட்சி என்றுகூடப் பெருமை பேசினார்கள். 2013 ஏப்ரலில் ஆக்ட்ராய் போயிற்று. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பிறகு மாநில அரசு தரும் ஈட்டுத்தொகையை எதிர்பார்க்கும் நிலை ஏற்பட்டது.

ஆயினும், பணமில்லை என்பது பாதி உண்மைதான். கட்டுவதற்குப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. கட்டியதைக் காப்பதற்குத்தான் கிடைப்பதில்லை. நிக்டி பக்தி-சக்தி பூங்காவில் 2018 குடியரசு தினத்தன்று 107 மீட்டர் உயரக் கம்பத்தில் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு காற்றில் கொடி கிழிவதும், இறக்குவதும், கம்பம் வெறுமையாக நிற்பதும் மீண்டும் மீண்டும் நடந்தன. உடைந்த ஊஞ்சலைச் சரிசெய்ய எந்தத் தலைவரும் நாடா வெட்ட வருவதில்லை!

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. இங்கே மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்களில் புல்தரை குடிக்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. 2019 நவம்பரில் குடிநீரே ஒருநாள் விட்டு ஒருநாள் என்றான ஊர் இது. புல்லைக் குறைத்து வேம்பும் புங்கமும் வளர்த்தால் தண்ணீரும் மிச்சம், நிழலும் கிடைக்கும். சுத்திகரித்த கழிவுநீரைப் பூங்காக்களுக்குத் திருப்பலாம். உதிரும் சருகை அங்கேயே குழி வெட்டி உரமாக்கலாம்.

வரவுக்கும் வழி உண்டு. மகாராஷ்டிரத்தின் 1975-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம், சொத்து வரியோடு மர வரி வசூலிக்க இடம் தருகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வீட்டுக்காரர் வழியாக அதைச் சுமப்பவர்தான். அந்தப் பணம் எங்கே செலவாகிறது என்று கேட்க அவருக்கும் உரிமை உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இத்தனை தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் அதைக் கேட்டுப் பெறுவது கடினமல்ல.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உதவி பெறுவது வேறு. சாவியையே கொடுத்துவிடுவது வேறு. மும்பையில் பொது மைதானங்களைப் பராமரிக்கத் தனியாரிடம் கொடுத்ததில் சில, உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்புகளாக மாறின. 2016 ஜனவரியில் அதே போக்கில் வந்த புதிய கொள்கையை மக்கள் எதிர்த்தார்கள். முதலமைச்சர் நிறுத்தி வைத்தார்.

நுழைவுக் கட்டணமும் கூடாது. ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால், ஐந்து பேர் குடும்பத்துக்கு அது ஒருவேளைக் காய்கறி.

நேரம் இன்னொரு குறை. நடுப்பகலில் பூங்காவைப் பூட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. காவலாள் சம்பளம் மிச்சமாம். இது ஆபீஸ் போகிறவர்களுக்குச் சரி. இரவு ஷிப்ட் முடித்தவர், இரண்டாவது ஷிப்டுக்குப் போகவேண்டியவர் ஆகியோருக்கு ஓய்வு கிடைப்பதே பகலில்தான். தொழிலாளர் நகரத்தில் பூங்கா நேரம் ஆலைச் சங்கை ஒட்டி இருக்க வேண்டாமா?

2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் நிர்வாகியே ஆண்டதால், கேட்கக் கவுன்சிலர் இல்லை என்று நம்மவர்கள் இருந்துவிட்டார்கள். மனு கொடுக்க அது தடையல்ல. ஆகுர்டித் தமிழர்கள் மராத்தி அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, மராத்தியிலேயே எழுதி, பூங்கா இலாகாவிடம் முதலில் இரண்டைக் கேட்கட்டும்: மர வரியின் வரவு செலவுக் கணக்கு, பகலிலும் திறந்திருக்கும் வாசல்.