நூலிழை வெற்றிகளும் சலிப்புற்ற இரசிகர்களும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே ஞாயிற்றுக்கிழமையின் முற்பகல் தேவாலயத்திற்கும் பிற்பகல் நாஸ்கார் கார்ப்பந்தயத்திற்கும் உரியது என்றிருந்த காலம் ஒன்றுண்டு. அப்பந்தயம் சலிப்பூட்டும் ஒன்றாகிவிட்டதா என்ற கேள்வியை இன்று எழுப்புவோர் அதன் எதிரிகளல்லர்; தலைமுறை தலைமுறையாக அதனைப் பின்தொடர்ந்து வந்த இரசிகர்களே. கார்கள் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி ஓடுவதில் சுவைக்க என்ன இருக்கிறது என எம் வாசகர்களிற் பலர் எண்ணக்கூடும். ஆயினும், பார்வையாளரின் முறைப்பாடு ஒன்றாகவும் நிருவாகத்தின் பரிகாரம் வேறொன்றாகவும் அமைந்துவிடும்போது ஒரு விளையாட்டுக்கு என்ன நேர்கிறது என்பதை இவ்விவாதம் தெளிவாகக் காட்டுவதால், அதனைச் சற்று நின்று நோக்குவது தகும் எனக் கருதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டு தென் கரோலினாவின் டார்லிங்ரன் தடத்தில் நடைபெற்ற 500 மைல் பந்தயத்தில் நெட் ஜறெற் என்ற சாரதி, இரண்டாவதாக வந்தவரை 14 சுற்றுகளால் முந்தி வெற்றி பெற்றார். அதாவது ஏறத்தாழ 19 மைல் இடைவெளி. 1967இல் றிச்சர்ட் பெற்றி ஒரே பருவத்தில் 27 பந்தயங்களை வென்றார். அவற்றுள் பத்து அடுத்தடுத்துக் கிடைத்தவை. மறுபுறத்தில், 2024 மே மாதம் கன்சாஸ் தடத்தில் கைல் லார்சன் கிறிஸ் பியூஷரை வென்ற இடைவெளி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாஸ்கார் உயர்மட்டப் பந்தய வரலாற்றில் இதைவிட நெருக்கமான முடிவு பதிவானதில்லை. அதே ஆண்டு பெப்ரவரியில் அற்லாண்டாவில் மூன்று கார்கள் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஏழு பங்கிற்குள் கோட்டைக் கடந்தன.

போட்டியின் நெருக்கமே சுவையின் அளவுகோலாயின், இன்றைய காலமே பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பொற்காலம் என்று முதிய இரசிகர்கள் நினைவுகூர்வது 14 சுற்று இடைவெளியில் வெற்றிகள் சாத்தியமாயிருந்த அந்தப் பழைய நாட்களையே.

நினைவு பழையதை இனிமையாக்கிக் காட்டும் என்று சிலர் இதனை ஒதுக்கிவிடுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அக்காலத்தில் வேறொரு வகையான எதிர்பார்ப்பு இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. 1949இல் இப்பந்தயத் தொடர் தொடங்கியபோது ஓடியவை விற்பனை நிலையத்தில் எவரும் வாங்கக்கூடிய கார்கள். பின்னாளில் அவை பெரிதும் மாற்றியமைக்கப்பட்டாலும், 500 மைல் தூரத்தை அவை தாங்குமா என்பது நிச்சயமற்றதாகவே இருந்தது. இயந்திரம் வெடிக்கலாம், ரயர் கிழியலாம், நான்கு சுற்று முன்னால் நிற்பவன் புகை கக்கியபடி ஓரங்கட்டலாம். பார்வையாளனின் பதற்றம் இரு கார்களுக்கிடையிலான தூரத்தில் அன்றி, காரின் உறுதியிலும் சாரதியின் நிதானத்திலும் தங்கியிருந்தது. வெற்றி எத்துணை பெரிதாயினும், அது ஏன் கிடைத்தது என்பது அனைவர்க்கும் விளங்கியது.

இன்றைய கார் பெரும்பாலும் பழுதடைவதில்லை. 2022இல் அறிமுகமான புதிய தலைமுறைக் காரின் முக்கிய பாகங்கள் அனைத்து அணிகளுக்கும் அதே வழங்குநர்களிடமிருந்தே வருகின்றன. செவ்ரொலே, ஃபோர்ட், ரொயோட்டா என்ற பெயர்கள் வேறுபட்டாலும் உட்புறம் பெரிதும் ஒன்றே. செலவைக் குறைத்துச் சிறிய அணிகளுக்கும் வாய்ப்பளிப்பதே நோக்கம்; அது ஓரளவு கைகூடியும் உள்ளது. ஆனால் எல்லோருடைய காரும் ஒரே வேகத்தில் ஓடும்போது ஒருவரை ஒருவர் முந்துவது எங்ஙனம்?

இதற்குக் காற்றும் ஒரு காரணம். அதிவேகத்தில் ஓடும் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது அதன்மீது மோதும் காற்றே. முன்னே செல்பவருக்குத் தூய காற்று கிடைக்கிறது. பின்தொடர்பவருக்குக் கலங்கிய காற்றுத்தான் மிஞ்சுகிறது. வளைவில் அவருடைய காரின் முன்புறம் பிடிப்பிழந்து வெளியே வழுக்குகிறது. இயந்திரத்தின் வலு மிகுதியாயிருந்தால் வளைவுக்கு முன் அனைவரும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். யார் எப்போது குறைப்பது என்பதில் சாரதியின் திறமை வெளிப்படும். 2014இல் 850 குதிரைவலுவிற்கு மேலிருந்த இயந்திரங்கள் 2015இல் 725 ஆகவும், புதிய காரில் 670 ஆகவும் குறைக்கப்பட்டன. மார்ட்டின்ஸ்வில் போன்ற அரை மைல் தடங்களில், வேகமான கார் ஒன்று மெதுவான காரின் பின்னால் நூறு சுற்றுகள் அடைபட்டுக் கிடப்பதை இரசிகர்கள் வெறுப்புடன் பார்த்திருந்தனர்.

டேற்றோனாவில் நிலை வேறுவிதமானது. அங்கு நாற்பது கார்கள் மூன்று வரிசையாக நெருங்கி ஓடும் காட்சி வெளிப்பார்வைக்கு அற்புதமானது. ஆனால், எரிபொருள் நிரப்பத் தரிக்கும் நேரத்தைச் சில வினாடிகள் சுருக்கும் பொருட்டு, சாரதிகள் பாதி வேகவிசையில் பெற்றோலை மிச்சம் பிடித்தபடியே சுற்றுகின்றனர். உலகின் புகழ்பெற்ற கார்ப்பந்தயங்களுள் ஒன்றில் மெதுவாக ஓட்டுவதே உத்தியாகிவிட்டது!

இவையெல்லாம் பொறியியலாளர் திருத்தக்கூடிய குறைகள். எம் பார்வையில், மனம் கசந்த இரசிகரை விரட்டியது வேறொன்று. 2003இல் மற் கென்செத் ஒரேயொரு பந்தயத்தை மட்டும் வென்று, புள்ளிகளின் பலத்தால் சாம்பியனானார். எட்டுப் பந்தயங்களை வென்ற றையன் நியூமனுக்குப் பட்டமில்லை. அத்துடன் இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் காற்பந்து தொலைக்காட்சிப் பார்வையாளரைக் கவர்ந்துகொள்ளும் கவலையும் நிருவாகத்திற்கு இருந்தது. ஆகவே 2004இல் இறுதிப் பத்துப் பந்தயங்களுக்கு முன் முன்னணியாளரின் புள்ளிகளை நெருக்கி அமைக்கும் முறை புகுத்தப்பட்டது. 2014இல் அது மேலும் இறுக்கப்பட்டது: பதினாறு பேர் படிப்படியாக நீக்கப்பட்டு, எஞ்சும் நால்வருள் கடைசிப் பந்தயத்தில் முன்னே வருபவரே சாம்பியன். வெற்றிகளுக்கு மதிப்பளிக்கவென வகுத்த இம்முறையின் முதலாண்டிலேயே, அப்பருவத்தில் ஒரு பந்தயமும் வெல்லாத அதே நியூமன் நால்வருள் ஒருவராகி, இறுதிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஓர் இடம் முன்னேறியிருந்தால் பட்டம் அவருடையதே.

2024 இன்னும் விசித்திரமானது. இடைச்சுற்றில் வெளியேறிவிட்ட ஜோயி லொகானோ, வேறொருவரின் கார் எடை குறைந்திருந்தமையால் அவர் தகுதி இழக்க, மீண்டும் உள்ளே வந்து சாம்பியனானார். அதே ஆண்டு மார்ட்டின்ஸ்வில்லில், தம் நிறுவனத்துச் சாரதிக்கு இறுதிச் சுற்று வாய்ப்புக் கிட்டும்படி சிலர் வேண்டுமென்றே வழிமறித்தும் மெதுவாக ஓட்டியும் உதவினர் என்று மூன்று அணிகளும் அவற்றின் சாரதிகளும் தண்டிக்கப்பட்டனர். தண்டப்பணம் மொத்தம் 6 இலட்சம் டொலர். அதற்கு ஈராண்டுகள் முன்னர், 2022இல், அதே தடத்தில் றொஸ் சாஸ்ரெயின் தன் காரைச் சுவரோடு உராயவிட்டு முழுவேகத்தில் ஐந்து கார்களை முந்தி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றதை உலகமே வியந்து பார்த்தது. அந்த உத்தி பின்னர் தடைசெய்யப்பட்டது. வீரத்தையும் சூழ்ச்சியையும் ஒருங்கே பிறப்பித்தது அம்முறையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

2025 நவம்பர் 2ஆம் நாள் பீனிக்ஸில் நிகழ்ந்தது இவற்றின் உச்சம். அறுபது வெற்றிகளைப் பெற்றும் ஒருமுறையேனும் பட்டம் பெறாத டென்னி ஹம்லின் பந்தயத்தின் பெரும்பகுதியை முன்னணியில் ஓட்டி, மூன்று சுற்றுகளே எஞ்சிய நிலையில் பட்டத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார். வேறொரு காரின் ரயர் வெடித்தது. மஞ்சள் கொடி அசைந்தது. ஹம்லின் நான்கு ரயர்களை மாற்றினார். லார்சன் இரண்டை மட்டும் மாற்றி முன்னே வந்தார். மேலதிகச் சுற்றுகளில், அன்று ஒரு சுற்றிலேனும் முதலிடத்தில் ஓடாத லார்சன் சாம்பியனானார். பரபரப்பு வேண்டும் என்றோருக்கு இதைவிடப் பரபரப்பு கிடைத்திருக்க முடியாது. அன்றிரவு மகிழ்ந்தோர் சிலர். பட்டம் வென்றவரும் தோற்றவருக்காக வருந்தினார்.

நிருவாகத்தின் பக்க நியாயத்தையும் கூறவேண்டும். 2001 பெப்ரவரி 18இல் டேற்றோனாவின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் உயிரிழந்த பின்னர், கழுத்தைக் காக்கும் கருவியும் அதிர்ச்சியை உள்வாங்கும் சுவர்களும் கட்டாயமாயின. அதன்பின் நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் ஓட்டத்தின்போது எந்தச் சாரதியும் மாண்டதில்லை. பழைய நாட்களுக்காக ஏங்குவோர் அந்நாட்களின் இறுதி ஊர்வலங்களையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆபத்துக் குறைந்ததால் சுவை குறைந்தது என்பவரோடு எமக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஆபத்தைக் குறைப்பது வேறு, முடிவைச் சமைப்பது வேறு. ரென்னசி மாநிலத்தின் பிறிஸ்டல் அரங்கில் 1982 முதல் 55 பந்தயங்களுக்குத் தொடர்ச்சியாக அனுமதிச் சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்திருந்தன. 2010 மார்ச்சில் அத்தொடர் அறுந்தது. பொருளாதார நெருக்கடி ஒரு காரணமெனினும், நெருக்கடி நீங்கிய பின்னரும் பல ஆண்டுகள் அவ்விருக்கைகள் நிரம்பவில்லை. சுற்று நடுவே மஞ்சள் கொடி காட்டிக் கார்களை மறுபடி ஒன்றுசேர்ப்பது, பத்து மாத உழைப்பை ஒரு பிற்பகலுக்குள் அடக்குவது ஆகிய ஒவ்வொன்றும் பரபரப்பைக் கூட்டின. கூடவே, சிறந்தவன்தான் வென்றான் என்ற நம்பிக்கையையும் கரைத்தன. இரசிகர் ‘சலிப்பு’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த அவநம்பிக்கையைத்தான்.

நிருவாகமும் இதனை உணரத் தலைப்பட்டுள்ளது போலும். 2026ஆம் ஆண்டுப் பருவத்திற்கு நீக்கல் சுற்றுகளும் ஒருநாள் முடிவும் கைவிடப்பட்டு, பதினாறு பேரும் இறுதிப் பத்துப் பந்தயங்களிலும் புள்ளிகள் சேர்க்கும் முறை அறிவிக்கப்பட்டது. ஒன்றரை மைலுக்குக் குறைந்த தடங்களில் வலு 750 குதிரைவலுவாக உயர்த்தப்படும் என்றும் கூறப்பட்டது. 36 பந்தயங்களின் புள்ளிகளையும் முழுமையாகக் கூட்டிச் சாம்பியனைத் தெரிவு செய்வதே முறை என்போர் இதில் நிறைவடையவில்லை. அம்முறை மீண்டால், கடைசிப் பந்தயத்திற்குப் பல வாரங்கள் முன்னரே பட்டம் முடிவாகிவிடக் கூடும். 7.7 பில்லியன் டொலருக்கு ஏழாண்டு உரிமத்தை வாங்கிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அத்தகைய நவம்பர் மாதத்திற்குச் சம்மதிக்குமா என்பது தெரியவில்லை.