தொடங்குவதற்கு மட்டுமன்று, நிறுத்துவதற்கும் மருத்துவர் வேண்டும்

வலிப்பு நோய்க்கும் கடும் பதற்றத்திற்கும் நாங்கள் எழுதித் தரும் மருந்துகளுள் ஒன்று குளோனசெபாம். மூளையின் மிகையான கிளர்ச்சியை அடக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் செயலை இது வலுப்படுத்துகிறது. வலிப்பு தணிவதும், மனம் அமைதியுறுவதும், உறக்கம் வருவதும் அதனாலேயே. ஆயினும் பலர் இதனைத் 'தூக்க மாத்திரை' என்றே அறிவர். அப்பெயரே இரண்டு தவறுகளுக்கு வித்திடுகிறது என்பது எங்கள் கருத்து.

முதலாவது, திடீரென நிறுத்துவது. 'வலிப்பு வந்து பல மாதங்களாயின. தூக்க மாத்திரை இனி எதற்கு?' என்று குடும்பத்தினரே நிறுத்திவிடுகின்றனர். வெளியூரில் மாத்திரை தீர்ந்துபோவதும் உண்டு. நாள்தோறும் மருந்துக்குப் பழகிய மூளை அந்த இழப்பைத் தாங்குவதில்லை. வலிப்பு மீண்டும் வரலாம். ஓயாது தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பதற்றத்திற்காக மட்டும் உட்கொண்டவர்க்கும் இவ்வாறு வலிப்பு வரக்கூடும். ஆகவே, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தொடர்வது. உறக்கம் வராத உறவினர்க்கு ஒன்றைக் கொடுத்துதவுவது. சில வாரங்களிலேயே உடல் இம்மருந்தைச் சார்ந்துவிடக்கூடும். முதியோர்க்குத் தள்ளாட்டமும் மறதியும் உண்டாகும். விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. மதுவோடோ, டிரமடால் போன்ற வலிநிவாரணிகளோடோ சேர்ந்தால் மூச்சே ஒடுங்கலாம். மயக்கம் இருக்கும்போது வண்டி ஓட்டுதலும் ஆகாது.

இதில் மருத்துவர்களாகிய எங்கள் பங்கையும் மறைப்பதற்கில்லை. எத்தனை வேளை என்று எழுதும் நாங்கள், எத்தனை காலத்திற்கு என்று எழுத மறந்துவிடுகிறோம். வெளிநோயாளர் பிரிவின் நெரிசல் அதற்குக் காரணமாகலாம், சமாதானமாகாது. மருந்தின் பெயருக்கு அருகிலேயே மறுபரிசோதனை நாளும் இடம்பெற வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

அது இல்லாத சீட்டு உங்கள் கைக்கு வந்தால், எழுந்து செல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இம்மருந்து எதற்காக? எவ்வளவு காலத்திற்கு? நிறுத்தும்போது எவ்வாறு குறைப்பது? கடையில் மாத்திரை வாங்கும்போதும், அட்டையில் உள்ளது 0.25 மில்லிகிராமா, 0.5 மில்லிகிராமா என்பதைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டா. உங்கள் கேள்வி எங்கள் மறதியையும் திருத்தும்.