பி.ஆர். இன்டர்ன்ஷிப்: ‘அனுபவம் கிடைக்குதே’ என்றால் போதுமா?

“ஸ்டைபண்ட் எவ்வளவு சார்?” இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கியே பல மாணவர்கள் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு கேட்டால், “அனுபவம் கிடைக்குதே, அது போதாதா?” என்று பதில் வருகிறது. விஸ்காம், இதழியல், மக்கள் தொடர்பு படிப்பவர்களுக்குக் கோடை விடுமுறை நெருங்கினாலே இதே கதைதான். கல்லூரிக்கு சர்ட்டிஃபிகேட் வேண்டும், நிறுவனத்துக்கு ஆள் வேண்டும். செலவு மட்டும் மாணவரின் வீட்டுக்கு.

பி.ஆர். இன்டர்ன் என்ன செய்வார்?

காலையில் எல்லா நாளிதழ்களையும் இணையதளங்களையும் புரட்டி, கிளையன்ட் பெயர் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடித் தொகுப்பார். எந்தப் பத்திரிகையில் யார் எந்தத் துறையைப் பார்க்கிறார் என்ற மீடியா லிஸ்ட்டைப் புதுப்பிப்பார். பிரஸ் ரிலீஸ் போன பிறகு நிருபர்களுக்கு போன் போட்டு, “மெயில் வந்துச்சா மேடம்?” என்று கேட்பார். பிரஸ் மீட் என்றால் வாசலில் நின்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வார்.

கேட்பதற்கு எடுபிடி வேலை மாதிரி இருக்கும். ஆனால், ஏஜென்சிகள் கிளையன்ட்டிடம் மாதாமாதம் கட்டணம் வாங்குவதே இந்த வேலைகளையும் சேர்த்துத்தான். கிளையன்ட் காசு கொடுக்கும் வேலையைச் செய்பவருக்கு மட்டும் காசு இல்லை என்பது எப்படி நியாயம்?

யாரால் சும்மா வேலை பார்க்க முடியும்?

சென்னையில் சொந்த வீடு இருக்கும் மாணவர், சம்பளம் இல்லாமல் 2 மாதம் சமாளித்துவிடுவார். திருநெல்வேலியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வருபவர் பி.ஜி. வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றையும் கையிலிருந்து போட வேண்டும். அப்பா கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால், “வேண்டாம், ஊர்லயே ஏதாவது பார்த்துக்கிறேன்” என்று அந்த மாணவர் ஒதுங்கிக்கொள்வார். திறமையைப் பார்ப்பதற்கு முன்பே வடிகட்டல் முடிந்துவிடுகிறது.

இதில் நஷ்டம் மாணவருக்கு மட்டுமல்ல. மும்பையிலோ டெல்லியிலோ ஆங்கிலத்தில் எழுதி, அவசரமாக மொழிபெயர்த்த அறிக்கைகள் தமிழ் நாளிதழ்களுக்கு வருகின்றன. “மகிழ்ச்சி கொள்கிறோம்” என்று தொடங்கும் அந்த அறிக்கையில் செய்தி எங்கே இருக்கிறது என்று உதவி ஆசிரியர் தேட வேண்டியிருக்கும். அதே அறிக்கையை ஊர்க்காரருக்குப் புரிகிற தமிழில், முதல் பத்தியிலேயே விஷயத்தைச் சொல்லி எழுதக்கூடியவர்தான் வாசலிலேயே திரும்பிப் போகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுச் சேருபவருக்கு உதவித்தொகை கட்டாயம். கல்லூரிக் கடிதத்தோடு வரும் சாதாரண இன்டர்ன் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. 2024-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. ஆனால், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்பது அதன் தொடக்க விதி.

ஒரு பாதுகாப்பு மட்டும் தெளிவாக இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் பொருந்தும். சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. 10 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். “நீ இன்டர்ன்தானே” என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இடம் தேடுவது எப்படி?

பெரிய ஏஜென்சிகளுக்கு மட்டும் மெயில் போட்டுக் காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், ஜவுளிக்கடைகள், கல்லூரிகள், சினிமா பி.ஆர்.ஓ.க்கள் என எல்லோருக்கும் மக்கள் தொடர்பு வேலை இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் அலுவலகம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு அங்கே போய்க் கேட்பதில் தவறில்லை. சொந்த ஊரிலேயே இடம் கிடைத்தால் பி.ஜி. வாடகை மிச்சம்.

பயோடேட்டாவை விடக் கையில் இருக்கும் வேலைதான் பேசும். 1958-ல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் மூலம் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்ற ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், கேமராவைப் பிடித்துப் பழகியவர். கையில் இருந்த திறமைதான் அவருக்கு வழி திறந்தது. இன்றைய மாணவர் கல்லூரி விழாவுக்கோ ஊர் நூலகத்துக்கோ ஒரு பிரஸ் ரிலீஸை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். அது உள்ளூர்ப் பக்கத்தில் 4 வரிச் செய்தியாக வந்தாலும், அந்தக் கட்டிங் ஒன்றே போதும்.

சேருவதற்கு முன் 4 கேள்விகளைக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்வது நல்லது:

* தினமும் எத்தனை மணி நேரம்?
* யாருக்குக் கீழே வேலை?
* ஸ்டைபண்ட் அல்லது பயணப்படி உண்டா?
* எழுதிய வேலையை போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா?

“ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, சர்ட்டிஃபிகேட் தர்றோம்” என்று யாராவது சொன்னால் அது இன்டர்ன்ஷிப் இல்லை, காகித வியாபாரம். ஒதுங்கிவிடலாம்.

யார் மாற வேண்டும்?

“கத்துக்கொடுக்கவே எங்க நேரம் போகுது” என்று சிறிய ஏஜென்சிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் 2 வாரம் இன்டர்னால் வேலை குறைவதில்லை, கூடத்தான் செய்யும். ஆனால், அடுத்த 6 வாரம் காலை ரிப்போர்ட்டை அனுப்புவது அதே இன்டர்ன்தான். பெரிய தொகை முடியாவிட்டால் பஸ் பாஸும் மதியச் சாப்பாடுமாவது கொடுக்கலாம். அதுவும் முடியாதென்றால் வாரத்தில் 3 நாள் மட்டும் வரச் சொல்லலாம். மீடியா கண்காணிப்பு போன்றவற்றை ஊரிலிருந்தே செய்ய அனுமதிக்கலாம்.

கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டு, “இடத்தை நீங்களே பார்த்துக்கோங்க” என்பது கைகழுவும் வேலை. எந்த நிறுவனம் காசு கொடுத்தது, எது கற்றுக்கொடுத்தது, எது டீ வாங்க அனுப்பியது என்று சீனியர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தால்கூடப் போதும். அடுத்த ஆண்டு மாணவர் அதே பள்ளத்தில் விழ மாட்டார்.

நிறுவனங்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதுதான் பி.ஆர். துறையின் தொழில். தன்னிடம் 2 மாதம் வேலை பார்த்த மாணவர் ஊருக்குப் போய் என்ன சொல்வார் என்பதும் அந்தப் பெயரில் சேர்த்திதான்.