பாலிசி 10 லட்சம் இருக்கு, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்?

எப்பவும் எஸ்ஐபி, வருமான வரின்னு பேசுற நான் இன்னைக்கு ஆஸ்பத்திரி கட்டுறதைப் பத்தி எழுதுறேன். உங்க பாக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

எங்க மாமா மரக்காணத்துல உப்பள வேலை. போன கோடையில ராத்திரி நெஞ்சுவலி. உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில முதலுதவி செஞ்சு புதுச்சேரிக்கு அனுப்பிட்டாங்க. பையன் சென்னையில ஐடி; அப்பா பேர்ல 10 லட்சத்துக்குப் பாலிசி போட்டு வச்சிருந்தான். ஈசிஆர்ல ஆம்புலன்ஸ் ஓடின நேரத்துல அந்த 10 லட்சத்தால ஒரு நிமிஷத்தைக்கூட குறைக்க முடியல. நல்லவேளை, பிழைச்சுட்டார்.

2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்துல விஷச்சாராயம் குடிச்சு பத்துக்கும் மேற்பட்டவங்க செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்பவும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும்தான் தூக்கிட்டு ஓடினாங்க. மூணே மாசத்துல, ஆகஸ்ட்ல, தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி போட்டது: ஒரு மாநிலத்துல 10 லட்சம் பேருக்கு 100 எம்பிபிஎஸ் இடம்தான். தமிழ்நாடு ஏற்கெனவே அதைத் தாண்டிடுச்சு, அதனால புதுக் கல்லூரி கிடையாது. ‘அது காலேஜ் பிரச்சினைதானே’ன்னு விட்டுடாதீங்க. 150 இடம் உள்ள கல்லூரின்னா 605 படுக்கையோட ஆஸ்பத்திரி கூடவே வரணும். கல்லூரிக்குத் தடைன்னா அந்த ஆஸ்பத்திரிக்கும் தடை. மயிலாடுதுறை, தென்காசி, பெரம்பலூர் மாதிரி 6 மாவட்டங்கள்ல அப்போ அரசு மருத்துவக் கல்லூரியே இல்ல. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நவம்பர்ல விதியை 2025-26க்குத் தள்ளி வச்சாங்க. தள்ளி வைக்கிறது விலக்கு ஆகாது.

ஆடிட்டரா எனக்கு உறுத்துறது அந்தக் கணக்குதான். உங்க ஆபீஸ்ல சராசரி சம்பளம் 1 லட்சம்னா உங்க அக்கவுண்ட்ல 1 லட்சம் விழுந்துடுமா? மாநிலச் சராசரியும் அப்படித்தான். ஏன், மாவட்டக் கணக்குகூட போதாது. விழுப்புரம் மாவட்டத்துல முண்டியம்பாக்கம் கல்லூரி 2010லேயே வந்துடுச்சு. மரக்காணத்துக்காரருக்கு அது பக்கமா என்ன?

விதிக்கு நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பாடம் நடத்த ஆளில்லாத கல்லூரி யாருக்கு வேணும்? அமெரிக்காவுலயும் 1964-ல நியூயார்க்ல ஆரம்பிச்சு, ‘தேவை இருக்கு’ன்னு அரசு சான்று கொடுத்தாத்தான் ஆஸ்பத்திரி கட்டலாம்னு வச்சாங்க. பல மாநிலங்கள்ல இன்னமும் இருக்கு. ஆனா ஜார்ஜியா 2024-ல கிராமப்புறத்துல கட்டுற சில ஆஸ்பத்திரிகளுக்கு நிபந்தனையோட விலக்கு கொடுத்துச்சு. எனக்கு வேண்டியதும் இதுதான்: உச்சவரம்பு இருக்கட்டும், விலக்கைத் தூரத்தை வச்சுக் கொடுங்க.

அதுவரைக்கும் செலவு உங்க தலையிலதான். அப்பா அம்மா ஊர்ல இருந்தா, பாலிசியோட நெட்வொர்க் பட்டியலை உங்க பின்கோடு போட்டுப் பார்க்காதீங்க, அவங்க பின்கோடு போட்டுப் பாருங்க. பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரின்னாலும் 2024 ஜனவரியிலிருந்து கேஷ்லெஸ் கேட்கலாம்; அவசர அட்மிஷன்னா 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குச் சொல்லணும். மாமா பையனுக்கு இது தெரியாது. கைக்காசைக் கட்டிட்டு, பில்லை எல்லாம் ஒரு கவர்ல போட்டு என்கிட்ட கொண்டு வந்தான்.